சாந்தாமணி மூடாத மனு

சாந்தாமணியை எரித்து, சாம்பலைக் காவேரியில் கரைத்துவிட்டு வந்த பதினோராம் நாள் காலையில், கோகிலவாணி தன் வீட்டுக் கம்ப்யூட்டரில் கிடந்த அவளுடைய மனுவை அழிக்க உட்கார்ந்தாள். அது அழியவில்லை. திரையில் ஒரு சின்னப் பெட்டி வந்து, இந்த ஃபைல் வேறொருவரிடம் திறந்திருக்கிறது, அவர் மூடிய பிறகு முயற்சி செய்யவும் என்று இங்கிலீஷில் சொன்னது. யாரிடம் என்று போட்டிருந்த இடத்தில் மட்டும் நல்ல தமிழில் சாந்தாமணி என்று இருந்தது. கோகிலவாணி அதை இரண்டு முறை படித்தாள். பிறகு எழுந்து போய் அடுப்பில் கொதித்த பருப்பை இறக்கி வைத்துவிட்டு, பின்கட்டில் தறி ஓட்டிக்கொண்டிருந்த புருஷனிடம், "ஏனுங்க, சாந்தாமணி இன்னும் எழுதி முடிக்கலையாட்ட இருக்குதுங்க" என்றாள். அர்த்தநாரி அறுந்த இழையைப் பிணைத்துக்கொண்டே, "முடிச்சதும் அழிச்சுப்போடு" என்றான்.

செங்காட்டுப்பாளையத்துக் கிழக்குத் தெருவில் இப்படித்தான் பேசிக்கொள்வார்கள். வீட்டுக்கு நாலு, எட்டு, பன்னிரண்டு என்று முந்நூறு விசைத்தறி ஓடுகிற தெரு அது. அந்தத் தடதடப்பில் பிறந்து அதிலேயே தூங்கி எழுகிற சனம், காதல் கடிதத்தைப் படித்துக் காட்டுவதானாலும் கத்தித்தான் படிக்கும், ரகசியம் என்ற சரக்கு அங்கே செல்லுபடியாகாது. எந்தச் சேதியையும் யாரும் திகைத்து நின்று கேட்பதில்லை. பாதி காதில் விழும், மீதியைத் தாங்களே நிரப்பிக்கொண்டு அடுத்த வேலையைப் பார்ப்பார்கள். கோகிலவாணி வீட்டில் பின்கட்டில் நாலு தறி, முன்னறையில் பஞ்சு படியாமல் பழைய சேலை போர்த்திய கம்ப்யூட்டர். கல்யாணப் பத்திரிகை, வேலைக்கு விண்ணப்பம், ரேஷன் கார்டில் பேர் சேர்க்க மனு என்று தெருவுக்கு வேண்டியதையெல்லாம் அவள்தான் அடித்துக் கொடுப்பாள்.

சாந்தாமணியும் அப்படித்தான் ஒரு செவ்வாய்க்கிழமை வந்தாள். தெருக்கோடியில் நல்லதம்பியின் பெரிய பட்டறையில் தார் சுற்றுகிற வேலை அவளுக்கு, அதாவது தறியில் குறுக்கே ஓடுகிற நாடாவுக்குள் வைக்கிற சின்னக் கட்டைகளில் நூலைச் சுற்றிச் சுற்றிக் கூடை நிறைப்பது. பட்டறைக் கூரை ஒழுகுகிறது, தார் மிசினுக்குப் போகிற ஒயர் தோலுரிந்து கிடக்கிறது, மழை நாளில் இரண்டு தடவை அவளைத் தூக்கி அடித்துவிட்டது, முதலாளியிடம் மூன்று தடவை சொல்லியாகிவிட்டது, அவர் "பாக்கலாம் அம்மணி" என்கிறார், பார்ப்பதாகக் காணோம். கரண்டு ஆபீஸுக்கு ஒரு மனு எழுத வேண்டும். "மரியாதையா எழுதுங்க்கா. அவரு மேல எழுதாதீங்க, ஒயரு மேல மட்டும் எழுதுங்க" என்று சொல்லிவிட்டு, முந்தானையால் நாற்காலியைத் துடைத்து நுனியில் உட்கார்ந்து, ஒவ்வொரு வரியாகச் சொன்னாள். பாதியில் கரண்டு போயிற்று. பேட்டரிப் பெட்டி கீச்சுக் கீச்சென்று கத்தவும் கோகிலவாணி அதுவரை அடித்ததைப் பத்திரப்படுத்திவிட்டு அணைத்தாள். "மிச்சத்த நாளைக்கு வந்து சொல்றேங்க்கா" என்று போனாள் சாந்தாமணி. மறுநாள் மத்தியானம் நல்ல மழை. அந்த ஒயர் அவளைப் பிடித்துக்கொண்டது, விடவில்லை.

நல்லதம்பி கெட்டவர் என்று யாராவது சொன்னால் தெரு ஒத்துக்கொள்ளாது. அவர்தான் அவளைத் தன் காரிலேயே போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார், வழியெல்லாம் அழுதார், அன்று சாயங்காலமே பட்டறை முழுக்கப் புது ஒயர் போட்டார். பழைய ஒயர் போன இடம் தெரியவில்லை. ஈரக் கையோடு மிசினைத் தொட்டது அவளுடைய அஜாக்கிரதை என்று ஒரு காகிதம் எழுதப்பட்டது. அவளுடைய புருஷன் மாதேஸ்வரன், நல்லதம்பியின் வேனை ஓட்டுகிறவன், கண்ணீர் சொட்டச் சொட்ட அதில் கையெழுத்துப் போட்டான். தெருவும் ஆமாம் என்றது. ஆமாம் என்னாமல் என்ன செய்யும்? ஒவ்வொரு வீட்டுத் தறிக்கும் பாவு நூல் அவரிடமிருந்துதான் வருகிறது. பாவு வராவிட்டால் தறி வெறும் மரமும் இரும்பும்தான். ஆயுத பூஜை கழித்து விசாரணைக்கு அதிகாரி வருவார், வந்து கேட்டுவிட்டுப் போவார், அதோடு முடிந்தது என்று எல்லோரும் இருந்தார்கள்.

வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காதவள் கோகிலவாணிதான். இழவு வீட்டில் மார்பில் அடித்துக்கொண்டு, "முந்தின நாளு எங்கிட்ட வந்து மனு அடிச்சியே கண்ணு, ஒயரப் பத்தி அவ்வளவு சொன்னியே" என்று ஒப்பாரி வைத்துவிட்டாள். ஒப்பாரியில் பொய் சொல்லத் தெரியாத ஊர். பத்தாம் நாள் நல்லதம்பி அவள் வீட்டுக்கு வந்தார், நாற்காலியில் உட்கார்ந்து ஒரு சொம்புத் தண்ணீரை முழுக்கக் குடித்தார். "அந்தக் காயிதம் கம்ப்யூட்டருக்குள்ள இருக்குதாமா அம்மணி. தேதியும் இருக்குமாமா. எடுத்துப்போடு. போனவ பேருல எதுக்கு வம்பு?" என்றார். குரலில் கோபமே இல்லை. எழுந்து போகும்போது பின்கட்டை எட்டிப் பார்த்து, "ரெண்டு தறில பாவு தீரப்போகுதாட்ட இருக்குதே அர்த்தநாரி" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

இதுதான் அந்த மனு திறந்திருந்த கதை. முதல் நாள் அழியாதது இரண்டாம் நாளும் அழியவில்லை, மூன்றாம் நாளும் இல்லை. பஜாரில் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருக்கும் ஜாபரைக் கூப்பிட்டார்கள். அவன் பூட்டுத் திறக்கிற நிரல்களையெல்லாம் போட்டுப் பார்த்தான், கடைசியில் எல்லாம் பதிந்திருக்கிற வட்டையே கழற்றிவிட்டுப் புது வட்டு வைத்தான். புது வட்டைப் போட்டு எழுப்பியதும் காலித் திரையின் நட்டநடுவில் அந்த மனு ஒன்றுமட்டும் உட்கார்ந்திருந்தது. ஜாபர் தலையைச் சொறிந்தான். "இது மிசின் கோளாறு இல்லீங்க்கா. அந்தம்மா வேலையா இருக்காங்க. வேலையா இருக்கறவங்க கைல இருந்து எப்படிப் புடுங்கறது?" என்று சொல்லிவிட்டு டீ மட்டும் குடித்துவிட்டுப் போனான்.

அவள் வேலையாகத்தான் இருந்தாள். மனுவின் முதல் பக்கம் நல்லதம்பியின் பட்டறை ஒயரோடு பாதியில் நின்றிருந்தது அல்லவா. பதினைந்தாம் நாள் காலையில் அதன் கீழே இரண்டாம் பக்கம் தொடங்கியிருந்தது. வரிசை எண் போட்டு, மரியாதையாக, ஒயர்மேல் மட்டும் எழுதியிருந்தது: ருக்குமணியக்கா வீட்டுப் பின்தறி மோட்டாரில் எர்த் ஒயர் கழன்று தொங்குகிறது, குழந்தை தவழ்கிற இடம், தயவுசெய்து கவனிக்கவும். ருக்குமணி அடுத்த வீடு. கோகிலவாணி சுவரைத் தாண்டிக் கத்திச் சொன்னாள். ருக்குமணியின் புருஷன் போய்ப் பார்த்தான். ஒயர் கழன்று தொங்கியது, பக்கத்திலேயே குழந்தை ஒரு தார்க்கட்டையைக் கடித்துக்கொண்டிருந்தது. மறுநாள் வேறொரு வீடு, அதற்கு மறுநாள் இன்னொன்று.

ஒரு வாரத்தில் அது வழக்கமாகிவிட்டது. காலையில் பால் ஊற்றியதும் பெண்கள் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு கோகிலவாணி வீட்டு முன்னறைக்கு வந்துவிடுவார்கள், இன்றைக்கு யார் வீடு என்று பார்க்க. பேர் வந்தவர்கள் ஓடுவார்கள். வராதவர்கள் நிம்மதியோடு கொஞ்சம் முகத்தையும் தூக்கிக்கொள்வார்கள், தங்கள் வீடு அவளுக்கு அந்நியமாகிவிட்டதா என்று. ஒயர்மேன் சம்பத்துக்குச் சாப்பிட நேரமில்லை. ஒருத்தி வந்து தன் மகளுக்கு வரன் எப்போது அமையும் என்று திரையைப் பார்த்துக் கேட்டாள். மறுநாள் அவள் வீட்டுக் கிரைண்டர் பிளக் கறுத்துவிட்டது என்று வந்தது, வரனைப் பற்றிப் பேச்சே இல்லை. "உசுரோட இருக்கறப்பவும் இவ இப்படித்தான், கேட்டதுக்குப் பதில் சொல்ல மாட்டா, கண்ணுல பட்டதச் சொல்லுவா" என்று சிரித்தார்கள். சிரித்துவிட்டு, குரலைத் தாழ்த்துவதாக நினைத்துக் கத்தி, "ரெண்டாம் பக்கம் இருந்துட்டுப் போகட்டும் கோகிலா. அந்த மொதப் பக்கம் மட்டும் போயிட்டாப் போதும்" என்றார்கள்.

அதுதான் முடியவில்லை. இரண்டு பக்கமும் ஒரே மனு. அவள் கண் எல்லா வீட்டுக்கும் வேண்டும், அவள் செத்த இடம் மட்டும் யாருக்கும் வேண்டாம். கோகிலவாணிக்கு இது நியாயமில்லை என்று தெரிந்திருந்தது. தெரிந்து என்ன செய்வது? இரண்டு தறியில் பாவு தீர்ந்து போயிற்று, புதுப் பாவு வரவில்லை. கேட்கப் போன அர்த்தநாரியை நல்லதம்பி அன்பாக உட்காரவைத்துக் காபி கொடுத்து, "அந்த வேலை முடிஞ்சுதா?" என்று கேட்டு அனுப்பினார். மீதி இரண்டு தறியும் நின்றுவிட்டால் பெங்களூருக்குக் கட்டட வேலைக்குத்தான் போக வேண்டும், அந்தத் தெருவிலிருந்து அப்படிப் போனவர்கள் யாரும் திரும்பித் தறி போட்டதில்லை.

காபி குடித்துவிட்டு வந்த அன்று அர்த்தநாரி நேராக முன்னறைக்குப் போய், தறி ஆப்பு அடிக்கிற சுத்தியலை எடுத்து கம்ப்யூட்டர் பெட்டிக்கு மேலே ஓங்கினான். கோகிலவாணி தடுக்கவில்லை, மனதுக்குள் போட்டு உடை என்றுகூட நினைத்தாள். அப்போது திரையில் ஒவ்வொரு எழுத்தாக ஒரு வரி வந்தது: அர்த்தநாரியண்ணா, அடிக்கறதுக்கு முன்னாடி பிளக்கைப் பிடுங்கிக்கோங்க, உள்ளே கரண்டு இருக்கும். அர்த்தநாரி சுத்தியலைக் கீழே வைத்துவிட்டுக் குனிந்து பிளக்கைப் பார்த்தான். அடிப்பக்கம் உருகி, செம்பு தெரிந்தது. அதை மரக்குச்சியால் தள்ளிப் பிடுங்கிவிட்டு அந்த இடத்திலேயே உட்கார்ந்து, சாவு வீட்டில் அழாத அழுகையை எல்லாம் அழுதான். பிறகு சம்பத்தைக் கூப்பிட்டுப் புதுப் பிளக் போடச் சொன்னான்.

வழி சொன்னது மாதேஸ்வரன், பாவம், தெரியாமல். அவன் தினமும் வேனை நிறுத்திவிட்டு வந்து, கம்ப்யூட்டருக்கு எதிரே ஸ்டூலைப் போட்டுக் கால்மணி நேரம் உட்கார்ந்துவிட்டுப் போவான். திரையில் அவள் எழுதுகிறதைப் பார்த்துக்கொண்டிருப்பான். ஆயுத பூஜைக்கு மூன்று நாள் இருக்கும்போது, வந்திருந்த பெண்களிடம் வாஞ்சையாகச் சொன்னான்: "நோம்பி அன்னைக்கு ஒருநாளாச்சும் அவ ரெஸ்ட் எடுப்பாளுங்க. பூசைக்கு வெச்சுட்டா ஊசியக்கூடத் தொட மாட்டா எங்க வீட்டுல." சொல்லி முடிக்கும்போதே பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அவனுக்கும் அப்புறம்தான் உறைத்தது. யாரும் போய்ச் சொல்லவில்லை என்றுதான் எல்லோரும் சத்தியம் செய்தார்கள், ஆனால் பொழுதுசாய்வதற்குள் நல்லதம்பிக்குத் தெரிந்திருந்தது.

ஆயுத பூஜை அன்று எந்தக் கருவியையும் தொடக்கூடாது என்பது செங்காட்டுப்பாளையத்தில் சட்டம் மாதிரி. தறியைக் கழுவித் துடைத்துச் சந்தனம் குங்குமம் வைத்து, பொரிகடலை படைத்து, மறுநாள் விஜயதசமியில் மறுபூஜை முடிகிறவரை ஒரு திருப்புளியைக்கூட நகர்த்தமாட்டார்கள். அன்று சாந்தாமணியின் கை சும்மா இருக்கும், மனு மூடியிருக்கும், அழிக்கலாம். ஆனால் அழிப்பவள் கருவியைத் தொட்டாக வேண்டுமே? நெசவாளர் சங்கக் கட்டடத்தில் கூடி இரண்டு மணி நேரம் இதை ஆராய்ந்தார்கள். ஒருவர், எழுதினால்தான் வேலை, அழித்தால் வேலையில்லை என்றார். இன்னொருவர், பொட்டு வைப்பதற்கு முன்னால் தொட்டால் அது இன்னும் கருவி, வைத்த பிறகுதான் சாமி என்றார். ருக்குமணியின் மாமனார், வருஷமெல்லாம் வீட்டில் ஒரு துரும்பைக்கூட நகர்த்தாதவர், அழிப்பதும் துடைப்பதும் ஒன்றுதான், பூஜைக்கு முன்னால் எல்லோரும் துடைக்கிறோம் என்று கண்டுபிடித்துச் சொன்னார். அது எல்லோருக்கும் பிடித்துப்போயிற்று. கோகிலவாணி துடைத்துவிடுவாள் என்று முடிவாயிற்று. அவளை யாரும் கேட்கவில்லை. அவளும் மாட்டேன் என்று சொல்லவில்லை.

பூஜை நாள் காலையில் முந்நூறு தறியும் நின்றன. வருஷத்துக்கு ஒரு நாள் வருகிற அந்த நிசப்தத்தில் தெருக்காரர்களுக்குக் காது அடைத்துக்கொள்ளும், காவேரி ஓடுகிற சத்தம் கேட்கும், ஒருவர் மூச்சு மற்றவருக்குக் கேட்கும், எல்லோரும் கொஞ்சம் அசடு வழிந்துகொண்டு சைகையில் பேசிக்கொள்வார்கள். முன்னறையில் நிற்க இடமில்லை. கோகிலவாணி தலைக்குக் குளித்துவிட்டு வந்து கம்ப்யூட்டரை எழுப்பினாள். மனு மூடியிருந்தது. யாரிடமும் திறந்திருக்கவில்லை. அதைத் தொட்டுப் பார்த்தாள், கடைசி வரி மட்டும் தெரிந்தது: மீதி நோம்பி கழித்து. கண்ணை மூடிச் சாமி கும்பிடுகிறவளின் பக்கத்திலிருந்து அவள் கூடையைத் திருடுவது போலத்தான் இது. திறந்து போட்டிருந்தபோது முடியாததை, நம்பி மூடிவைத்த நாளில் செய்கிறோம். கோகிலவாணிக்கு அது அப்படியே, வார்த்தை வார்த்தையாகத் தெரிந்தது. பின்கட்டில் இரண்டு தறி பாவில்லாமல் எலும்பு தெரிய நின்றதும் தெரிந்தது. நிச்சயமாக அழிக்கவா என்று கம்ப்யூட்டர் கேட்டது. அழி என்று அழுத்தினாள்.

அவ்வளவுதான். ஓசையில்லாமல் போய்விட்டது. யாரோ பெருமூச்சு விட்டார்கள், யாரோ பூசணிக்காயை உடைக்கப் போனார்கள். மாதேஸ்வரன் வரவில்லை. மத்தியானம் நல்லதம்பி வீட்டிலிருந்து சர்க்கரைப் பொங்கல் வந்தது, மறுநாள் நாலு தறிக்கும் பாவு வரும் என்ற சேதியும் வந்தது. கோகிலவாணி கம்ப்யூட்டருக்குச் சந்தனப் பொட்டு வைத்தாள், பொட்டு கோணலாக விழுந்தது.

விஜயதசமி காலையில் மறுபூஜை முடிந்து தறிகள் ஒவ்வொன்றாக எழும்பின. வழக்கம் போலப் பெண்கள் வந்தார்கள், இன்றைக்கு யார் வீடு என்று பார்க்க. அதை வழக்கம் என்றுதான் சொல்ல வேண்டும், அழித்தவர்களே வந்து கேட்டால் வேறு என்ன சொல்வது? கோகிலவாணி கம்ப்யூட்டரைப் போட்டாள். காலித் திரையில் ஒரு வரி இருந்தது.

கோகிலாக்கா, இங்கேதான் வெச்சுட்டுப் போனேன். காணமுங்க. பாத்தீங்களா?

ருக்குமணி திரையைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டு, "நான் எடுக்கல சாமி" என்றாள். அவள் பின்னாலேயே ஒருத்தி "நானுமில்ல" என்றாள், இன்னொருத்தி தலையை மட்டும் ஆட்டினாள், ஒவ்வொருத்தியாக நழுவினார்கள். தனியாக நின்ற கோகிலவாணி கம்ப்யூட்டரை அணைத்தாள், போட்டாள், மறுபடி அணைத்துப் போட்டாள். கேள்வி அப்படியே இருந்தது. கோபமில்லாத கேள்வி. கோபமாகக் கேட்டிருந்தால் பதிலுக்குக் கத்தியிருக்கலாம். கடைசியில் உட்கார்ந்து, தெரியலையே கண்ணு என்று அடித்தாள்.

சரிங்க்கா, நான் தேடிப் பாக்கறேன் என்று வந்தது.

சாந்தாமணி தேடத் தொடங்கினாள். ஜாபர் பழைய வட்டிலிருந்து திரும்ப ஏற்றிக் கொடுத்திருந்த கல்யாணப் பத்திரிகைகள் ஒவ்வொன்றாகத் திறந்தன, மூடின. காதுகுத்து அழைப்பிதழ்கள், வேலை விண்ணப்பங்கள், பாதியில் நின்ற ரேஷன் மனுக்கள், எல்லாம் திறந்து மூடி, முடிந்ததும் முதலிலிருந்து மறுபடி. இரண்டு நாள் கம்ப்யூட்டர் பெட்டியின் பச்சை விளக்கு நிற்காமல் மினுக்கிக்கொண்டே இருந்தது. புதுப் பாவு ஏறிய நாலு தறியும் ஓடின. கோகிலவாணிக்குச் சோறு இறங்கவில்லை. தேடாதே என்று எழுதக் கை போகும், பிறகு ஏன் என்று அவள் கேட்டால் என்ன சொல்வது என்று கையை எடுத்துக்கொள்வாள். இரண்டு நாளும் யார் வீட்டுப் பேரும் வரவில்லை. ஆனால் அவளுக்கு அதுகூடப் பெரிதாகப் படவில்லை, தன் பொய்யைச் சாந்தாமணி நம்பிவிட்டாளே என்பதுதான் தாங்க முடியவில்லை.

மூன்றாம் நாள் அதிகாரி வந்தார். நரைத்த கொண்டையும் தடித்த கண்ணாடியுமாக ஓர் அம்மாள். நல்லதம்பி கூடவே வர, வீடு வீடாக ஏறி ஒரே கேள்வியைக் கேட்டுக்கொண்டு வந்தார். இறந்த பெண் அந்த ஒயரைப் பற்றி முன்கூட்டியே யாரிடமாவது புகார் சொன்னாரா? தெரியாதுங்க, தெரியாதுங்க, தெரியாதுங்க என்று தெரு முழுக்கப் பதில் வந்தது. கோகிலவாணி வீட்டு முன்னறையில் அதிகாரி நாற்காலியில் உட்கார்ந்தார். நல்லதம்பி வாசல்படியில் நின்றுகொண்டார். பின்கட்டில் நாலு தறியும் தடதடத்தன. அதிகாரி கேட்டார்.

"வந்தாளுங்க" என்றாள் கோகிலவாணி.

அதிகாரி காதருகே கை வைத்து, "என்னம்மா?" என்றார்.

"வந்து, நீங்க உக்காந்திருக்கற நாற்காலிலதான் உக்காந்தாளுங்க. அவ சொன்னா, நான் அடிச்சேன். சாகறதுக்கு மொத நாளு. அந்த மனுவ ஆயுத பூச அன்னைக்கு நான்தானுங்க அழிச்சேன். தெருவே நின்னு பாத்துச்சு. அழிச்சது நானு."

நல்லதம்பியின் முகம் சுருங்கியது. "அம்மணிக்கு ரெண்டு நாளா ஒடம்பு சரியில்லீங்க மேடம்" என்றார், இன்னும் மென்மையாகவே. அதிகாரி அவர் பக்கம் திரும்பவில்லை. "காகிதம் ஏதாவது இருக்காம்மா? நகல் ஏதாவது?"

"ஒண்ணுமில்லீங்க. போயிருச்சு. ஆனா நான் அடிச்சதுங்க, வரிக்கு வரி எனக்குத் தெரியும். சொல்றேன், எழுதிக்கோங்க."

இதற்கு எவ்வளவு மதிப்பு இருக்கும் என்று அதிகாரி யோசித்தது முகத்தில் தெரிந்தது, அதிகம் இராது என்று முடிவு செய்ததும் தெரிந்தது. இருந்தாலும் பேனாவைத் திறந்தார். கோகிலவாணி, உயர்திரு அவர்களுக்கு என்று ஆரம்பித்தாள். பொருள் சொன்னாள், கூரை ஒழுகுவதைச் சொன்னாள், தோலுரிந்த ஒயரைச் சொன்னாள். "கேக்கலம்மா, இந்தச் சத்தத்துல ஒண்ணுமே கேக்கல" என்றார் அதிகாரி.

பின்கட்டில் அர்த்தநாரி இதையெல்லாம் கேட்டுக்கொண்டுதான் இருந்தான். புதுப் பாவு ஏறிய தறிகளை ஒரு தரம் பார்த்தான். இவற்றில் இனி அடுத்த பாவு ஏறாது என்று அவனுக்குத் தெரியாதா? ஒவ்வொன்றாக நாலு சுவிட்சையும் அணைத்தான். அணைத்துவிட்டு முன்னறைக்கு வந்து, பஞ்சு ஒட்டிய தலையோடு, நல்லதம்பிக்கும் தன் பெண்டாட்டிக்கும் நடுவில் நின்றுகொண்டான்.

நாலு தறி நின்றதால் தெருவின் சத்தம் ஒன்றும் குறைந்துவிடவில்லை. ருக்குமணி வீட்டில் எட்டு ஓடிக்கொண்டிருந்தது, எதிர் வீட்டில் பன்னிரண்டு, அதற்கு அப்பால் கணக்கில்லாமல். அதிகாரி மறுபடியும் காதருகே கையைக் கொண்டுபோனார். கோகிலவாணி அவர் காலடியில் தரையில் உட்கார்ந்து, அவர் முகத்தைப் பார்த்து, முதல் வரியிலிருந்து, தொண்டை கிழிய, இன்னும் சத்தமாகச் சொல்லத் தொடங்கினாள்.